வலப்பக்கத்து ஸீட்

நேற்று என் மானம் கப்பலேறிப் போயிற்று. எதிர் குவார்ட்டர்ஸ் மோகன் புதிதாக மாருதி வாங்கியிருக்கிறான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டான். எனக்கும் புளியும் மிளகாய் வற்றலும் தீர்ந்திருந்தன. பையை எடுத்துக்கொண்டு போய், கதவைத் திறந்து, சௌகரியமாக உட்கார்ந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்தால் மூக்குக்கு நேரே ஸ்டியரிங் நிற்கிறது. "ஆன்ட்டி, காடி நீங்களா ஓட்டப் போறீங்க?" என்று அந்தப் பிள்ளை வெளியே நின்று சிரித்தான். நானும் சிரித்தேன். அப்போதுதான் வெயிலில் காய்ந்த ரெக்ஸின் வாசனை அடித்தது. நம் வண்டியில் மத்தியானம் ஏறினால் அடிக்குமே, அதே வாசனை. இறங்கி இடப்பக்கம் போய் உட்காருவதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசி என்று சொல்லிவிட்டேன். டெல்லியில் அந்தப் பொய்க்கு மட்டும் பஞ்சமில்லை.

எத்தனை வருஷம் வலப்பக்கம் உட்கார்ந்தேன்! ஐரோப்பாவிலிருந்து தரை வழியாகவே யாரோ ஓட்டிக்கொண்டு வந்து, இங்கே விட்டுவிட்டுப் போன வண்டி அது. ஏலத்துக்கு வந்ததை நீங்கள் எடுத்தீர்கள். ஸ்டியரிங் இடப்பக்கம். உள்ளே மடக்கிப் போடுகிற படுக்கை, ஒரு குட்டி அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி. அந்தத் தொட்டியில் கடைசிவரை தண்ணீர் வரவில்லை, நான் வெங்காயம் போட்டு வைத்தேன். கூரையைத் தூக்கி நிறுத்தினால் உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். செக்ரடேரியட்டில் ஃபைல் பார்க்கிற மனுஷனுக்கு எதற்கு இந்த வேலை என்று சரோஜினி நகரே வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. உங்கள் அம்மா மட்டும் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்தே கேட்டார்கள்: "ஏல, வீடு வாசல் இருக்கையில எதுக்கு நடுரோட்டுல போய்ப் படுக்கணும்?"

நானும் அதைத்தான் மனதுக்குள் கேட்டேன். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள் சொந்தமாக ஒரு மனை, ஒரு வீடு என்று நினைப்பேனா, சக்கரம் வைத்த பெட்டியை நினைப்பேனா? முதல் நாள் அந்த வண்டியில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏறினேன். நீங்கள் அதைப் பார்த்தும் பார்க்காதது போல ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள்.

நம் குவார்ட்டர்ஸ் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். இரண்டு அறை. ஒன்றில் அத்தை. இன்னொன்றில் இன்டர்வியூவுக்கு வந்தவர்கள், பத்ரிநாத் போகிற வழியில் வந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள். வராந்தாவில் உங்கள் தம்பி. நானும் நீங்களும் பேச வேண்டியதை எல்லாம் அடுப்படியில் குக்கர் சத்தத்துக்கு நடுவில் பேசினோம். வயிற்றில் தங்கிய ஒரே குழந்தை நாலாம் மாதம் போனபோது நான் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். சத்தமாக அழுதால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். மூன்று வீட்டுக்காரிகளும் ஆளுக்கொரு மருந்து சொல்ல வந்துவிடுவார்கள்.

முதல் தடவை எங்கே போனோம், ஞாபகம் இருக்கிறதா? சோஹ்னா தாண்டி, மெயின் ரோட்டை விட்டு, மண் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய் ஒரு குன்றடியில் நிறுத்தினீர்கள். ஒரு போர்டு இல்லை, கோயில் இல்லை, டீக்கடை இல்லை. சுற்றிலும் முள் மரம். நம்ம ஊர் உடங்காடு மாதிரி இல்லையா என்று பெருமையாகக் கேட்டீர்கள். இந்த முள்ளைப் பார்க்கவா இவ்வளவு பெட்ரோல் என்று நான் கேட்டேன். உங்களுக்குக் கோபமே வராது. "நாள் பூரா ஆபீஸுல அட்ரஸா எழுதித் தள்ளுதேன். அட்ரஸ் இல்லாத இடத்துல ஒரு நாள் இருந்து பாப்பமே" என்றீர்கள்.

பொழுது சாய்கிற நேரம். தூரத்தில் கடுகு வயல் மஞ்சளாக இருந்தது. நீங்கள் ஸ்டவ்வைப் பற்ற வைத்தீர்கள், நான் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். பேசுவதற்குத் தொண்டையைத் தாழ்த்தினேன். அங்கே யாரும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அதுதான் தாமதம், அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷத்து அழுகை. வாய்விட்டு, ஊளையிட்டு, சேலைத் தலைப்பையும் தேடாமல் அழுதேன். நீங்கள் "அழாதே" என்று சொல்லவில்லை. வண்டிப் படியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அழு. இங்க யாரு கேக்கப் போறா" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து நீங்களும் அழுதீர்கள். ஆண்பிள்ளை அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. அப்புறம் இரண்டு பேரும் அந்தப் புளியோதரையை ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றோம். எனக்கு அந்த வண்டி பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

விடிந்ததும் ஆட்டுக்காரர் ஒருவர் செம்பில் பாலோடு வந்து நின்றார். நம்மையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீட்டில் சண்டையா அண்ணா என்று ஹிந்தியில் கேட்டார். ஆமாம் என்று நீங்கள் கூசாமல் சொன்னீர்கள். பாவம் என்று பாலுக்குக் காசு வாங்காமல் போனார் அந்த மனுஷர். அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பை நான் வீட்டில் ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்புறம் இரண்டாம் சனிக்கிழமை வந்தால் என் கால் தரையில் நிற்காது. நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டியூட்டி மாற்றச் சொல்லி யாராவது வந்தால் கடித்துத் துப்பிவிடுவேன். கங்கைக் கரை மணலில், இடிந்த கோட்டை ஓரத்தில், கரும்புக் காட்டுக்கு நடுவில் என்று போய்க் கிடந்தோம். இன்ன ஊர் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, கேட்டால் மட்டும் பெரிய சர்வேயர் மாதிரி கையை நீட்டிக் காட்டுவீர்கள்.

ஆனால் போகிற வழி இருக்கிறதே, அது என் பொறுப்பு. இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் போகிற லாரியின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. எதிரே என்ன வருகிறது என்று வலப்பக்கம் இருக்கிற நான்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "போலாமா?" என்று கேட்பீர்கள். நான் "பொறுங்க" என்பேன். மறுபடி கேட்பீர்கள். மறுபடி "பொறுங்க". எனக்குத் தொடைநடுங்கி மனசு. தூரத்தில் ஒரு சைக்கிள் வந்தாலும் பொறுங்கதான். "எக்ஸ்சேஞ்சுல சொல்லுததையே இங்கயும் சொல்லுதியேட்டி" என்று கேலி செய்வீர்கள். பின்னால் ஹார்ன் அடிக்கிறவர்கள் என் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார்கள். ரோடு கண்ணுக்கெட்டின மட்டும் காலி என்று தெரிந்தால்தான் "போங்க" என்பேன். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிடுவீர்கள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள்.

இதை உங்களிடம் நேரில் சொன்னதில்லை, இப்போது சொல்லுகிறேன். பிறந்த வீட்டிலும் சரி, வந்த வீட்டிலும் சரி, என்னை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக் கேட்கவில்லை, டெல்லிக்குக் கேட்கவில்லை, இன்றைக்கு யார் விருந்தாளி என்றுகூடக் கேட்டதில்லை. அந்த வண்டியில் மட்டும் நான் சொன்னால்தான் சக்கரம் நகரும். சில சமயம் முன்னால் வண்டியே இருக்காது. அப்போதும் "போலாமா?" என்று கேட்பீர்கள். பழக்கமா, வேண்டுமென்றே கேட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டேன்.

ஏஷியாட் விளையாட்டுக்காக ஊரெல்லாம் தோண்டி மேம்பாலம் கட்டினார்களே, அதற்கு அடுத்த குளிர்காலத்தில் உங்களுக்கு இருமல் நிற்கவில்லை. டாக்டர்கள் அந்த நோய்க்கு ஒரு பெயர் சொன்னார்கள். அத்தை அதற்கு முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அந்த மட்டும் அவர்கள் புண்ணியம் செய்தவர்கள். உடம்பு கொஞ்சம் தேறினாற்போல இருந்த ஒரு வாரத்தில் நீங்கள் வண்டி சாவியை எடுத்தீர்கள். நான் வேண்டாம் என்று சண்டை போட்டேன். நீங்கள் நேரே போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் வந்து வலப்பக்கம் ஏறுகிறவரை கிளப்பவில்லை.

சூரஜ்குண்ட் பக்கம் பாறைகளுக்கு நடுவில்தான் நிறுத்தினோம். மண் பாதையில் வெகுதூரம் போக உங்களுக்குத் தெம்பில்லை. வெயில் இறங்குகிற வரை வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தோம். டீயைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். அடுத்த தடவை கங்கைக் கரைக்குப் போவோம் என்றீர்கள், நானும் ஆமாம் என்றேன். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது முன்னால் வைக்கோல் ஏற்றின மாட்டு வண்டி ஒன்று போயிற்று. எதிரே ஈ காக்கை இல்லை. நீங்கள் கேட்கவேயில்லை. எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. முதல் தடவையாக நானாக, "போங்க, ரோடு காலியாத்தான் கிடக்கு" என்றேன். "இருக்கட்டும்ட்டி. இப்படியே பின்னாலயே போவோம்" என்றீர்கள். எவனையும் முந்த விடாத மனுஷன், மாடு நடக்கிற வேகத்தில் டெல்லி வரை ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். உங்களுக்கு வீடு போய்ச் சேர அவசரமில்லை என்று எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தால் உடைந்துவிடுவேன் என்று வைக்கோலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு வலப்பக்கம்தான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். நர்ஸ் வந்து வந்து அந்தப் பக்கம் போகச் சொல்வாள், நான் மறுபடி இந்தப் பக்கம் வந்துவிடுவேன். அந்த மாதங்கள் முழுக்க என் மனதில் ஒரே சொல்தான் ஓடியது. டாக்டரிடம் பொறுங்கள், சாமியிடம் பொறு, உங்களிடம் பொறுங்க. நீங்களும் பொறுத்தீர்கள். எவ்வளவு வலியோடு பொறுத்தீர்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் ஜன்னலில் நல்ல வெயில். உங்கள் தம்பி இடப்பக்கம் நின்றார். கண்ணைத் திறந்து, எங்கேயும் தேடாமல், நேராக என் பக்கம் திரும்பினீர்கள்.

"போலாமா?"

தம்பி தலையிலடித்துக்கொண்டு அழுதார். எங்கேயோ போறதா அண்ணன் பினாத்துதாங்க என்றார். நீங்கள் பினாத்தவில்லை. நான் பழக்கப்படி எட்டிப் பார்த்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தேன், கயிறாகிப்போன கையைப் பார்த்தேன், ஒவ்வொரு மூச்சும் எவ்வளவு பாடுபட்டு வருகிறது என்று பார்த்தேன். பொறுங்க என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நீங்கள் பொறுத்திருப்பீர்கள், அதுதான் எனக்குப் பயம். அரைமனசாக அந்த இன்னொரு சொல்லை உங்களிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்கும் முழு மனசாகத்தான் சொன்னேன்.

"போங்க."

சாயங்காலத்துக்குள் போய்விட்டீர்கள். அந்தத் தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் வீடு நிறைய ஜனம். எனக்கு அழ இடமில்லை. வாசலில் நின்ற வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன், பக்கத்து வீட்டு ரேடியோ உள்ளே கேட்டது. பாட்டரி செத்து, சக்கரத்தில் காற்றிறங்கி, கடைசியில் மாயாபுரி பழைய இரும்புக்காரர்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். நான் அதிலிருந்து எதையும் எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்து என்ன செய்ய? தொட்டியில் நாலு வெங்காயம் கிடந்தது, அதை மட்டும் சமைத்துவிட்டேன்.

நேற்று மோகன் என்னை இடப்பக்கம் உட்கார வைத்துக் கூட்டிப் போனானே, முன்னால் ஒரு டெம்போ ஊர்ந்துகொண்டு போயிற்று. என் கழுத்து தானாக வலப்பக்கம் சாய்ந்தது. அங்கே அவன் தோள்தான் இருந்தது. அவன் பாட்டுக்கு ஹார்ன் அடித்தான், முந்தினான், போய்விட்டான். அவனுக்கு எல்லாம் தெரிகிறது. என்னை எதற்குக் கேட்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து புளியை உருட்டி டப்பாவில் போட்டுக்கொண்டே நினைத்துப் பார்த்தேன். இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு உங்களோடு இவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறேன். அதில் ஒன்றை அந்த மத்தியானம் உங்களுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன், இனி அதை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. மற்றது என்னிடமே இருக்கிறது. போன இடத்தில் நல்லதாக ஒரு முள் மரத்தடி பார்த்து வண்டியை நிறுத்தியிருப்பீர்கள். நான் வலப்பக்கம் வந்து ஏறுகிறவரை கிளப்பிவிடாதீர்கள்.

பொறுங்க.