முன்னே நடந்தவன் எழுதுவது

பாறசாலை,
1997 பிப்ரவரி 24, திங்கள்.

என் நேசத்துக்குரிய ஞானபாய்,

நீ போய் இன்றோடு அறுநூற்று ஐம்பத்தேழு நாள். கல்லறையில் பொறித்த தேதியை நானே இருமுறை சரிபார்த்தேன். நாளிலும் நேரத்திலும் நான் பிழைவிடாதவன் என்று உனக்குத் தெரியும். பிழை வேறிடத்தில் இருந்தது. அது சபையாரின் கண்முன்னே செய்த பிழை என்பதால் இக்கடிதத்தைச் சபை மாத இதழுக்கே கொடுக்கிறேன். உன்னிடம் சொல்வதை அவர்களும் கேட்கட்டும்.

நம் மகன் செல்வினைப் போன்ற பிள்ளைகளுக்கென்று உதியன்குளங்கரையில் ஒரு சிறிய பள்ளி தொடங்கியிருக்கிறார்கள். அந்த நிலைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று பெயர். அவன் பிறந்தபோது டாக்டர் சொன்ன சொல்லை இப்போது யாரும் சொல்வதில்லை. ஆரியங்கோட்டிலிருந்தும் ஒற்றசேகரமங்கலத்திலிருந்தும் பிள்ளைகள் வந்துபோக வேன் ஒன்று வேண்டும். அதற்கு உதவி திரட்ட இங்கிருந்து அமரவிளை வரை ஒரு நடைப்பயணம் என்று முடிவாயிற்று. பள்ளியை நடத்தும் டெய்சி டீச்சர் கோட்டுகால்காரி, ஊருக்குப் புதியவள். "ரிஜிஸ்டர் ஆபீசில இருந்த சாரு டைம் போட்டுத் தந்தா எல்லாம் சரியாவுமாக்கும்" என்று வீடு தேடி வந்தாள்.

போட்டுக் கொடுத்தேன். ஏழு மணிக்குப் புறப்பாடு, ஏழு இருபத்தைந்துக்குத் தண்ணீர், எட்டு பத்துக்கு அமரவிளைப் பாலம். டீச்சர் திண்ணமாக இதையும் கேட்டிருப்பாள் என்று நீ நினைப்பாய்: "சாருக்கு இதில என்ன இவ்வளவு அக்கறை?" கேட்டாள். "பொதுக்காரியம்" என்றேன். அப்போது செல்வின் உள்ளறையில் உன் பழைய பெட்டியின் மேல் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். நான் கதவைச் சாத்தியிருந்தேன்.

15ஆம் தேதி சனிக்கிழமை காலை, ஆறு ஐம்பதுக்கு, உன் தங்கை சொர்ணம் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு நடையின் தொடக்கத்துக்கே வந்துவிட்டாள். நீ தைத்த நீலச் சட்டை. தலையில் எண்ணெய் வழிய வழிய வாரியிருந்தாள்.

"இவனை எதுக்கு இஞ்ச கொண்டுவந்தே?" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"அத்தான் நல்ல ஆளாக்கும்! ஊரான் பிள்ளைக்கெல்லாம் நேரம் குறிச்சுக் குடுத்தியளே, இவனுக்கு மட்டும் நேரம் இல்லையோ?"

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஏழு. கொடியை உயர்த்தி, வரிசையின் முன்னே நடந்தேன்.

முன்னே நடப்பது எனக்குப் பழக்கம்தானே, ஞானபாய்? ஆராதனை எட்டரைக்கு. நான் எட்டு பத்துக்கு வீட்டைவிட்டு இறங்குவேன். நீ அவனைக் கூட்டிக்கொண்டு, அவன் வேகத்தில், வழியில் ஆட்டுக்குட்டிக்கும் அடுத்த வீட்டுக்காரனுக்கும் அவன் வணக்கம் சொல்லி முடியும்வரை நின்று, இரண்டாம் பாட்டுக்கு வந்து கடைசி பெஞ்சில் அமர்வாய். இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான். நேரம் தவறாதவன் என்று எனக்குப் பெயர். சபையாருக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்து எனக்கு உதவினார்கள். நேரம் தவறாமை ஒரு நற்குணம். அதை ஒரு திரையாகத் தொங்கவிட்டவன் நான்.

ஏழு இருபத்தைந்துக்குத் தண்ணீர் வைத்த இடத்தில் பாதிப்பேரைக் காணவில்லை. டெய்சி டீச்சர் பின்னாலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சாரே, டைம் எல்லாம் தெற்றிப்போச்சு. பின்னால ஒரு பையன் கடை கடையா ஏறிக் கைகுடுக்குதான். மற்ற பிள்ளைகளும் அவனுக்கப் பின்னாலே ஏறுது. நீலச் சட்டை. ஆருக்க மோன்னு தெரியேல்ல."

ஞானபாய், நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன்.

ஆபீசில் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம். என் மகனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கால் நகரவில்லை. ஆபீஸ் நாள் முதல் நான் டீ குடிக்கும் சாலையோரக் கடை முன்னால் நின்றேன். வரிசை என்னைக் கடந்து போயிற்று. எல்லோருக்கும் பின்னால் அவன் வந்தான், சொர்ணத்தின் கையைப் பிடித்தபடி, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து. என்னைக் கண்டதும் நின்றான். சிரித்தான். பிறகு நான் நிற்பது தவறென்பதுபோல் கையை முன்னே காட்டிச் சொன்னான்:

"அப்பாக்கு நேரமாச்சு. அப்பா முன்னே போவட்டும். நாங்க மெள்ள வாறோம்."

உன் சொற்கள். ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நீ அவனுக்குச் சொல்லிக்கொடுத்த சொற்கள், ஒன்றுகூடக் குறையாமல். அவன் அதை இருபத்தாறு வயதிலும் நம்புகிறான். நீ நம்பித்தான் சொன்னாயா? அல்லது அப்பா நம்மோடு வர வெட்கப்படுகிறார் என்று பிள்ளை அறிந்துவிடக்கூடாதே என்று, எனக்காக ஞாயிறுதோறும் ஒரு பொய்யைச் சுமந்தாயா? ஒருமுறையாவது என்னைத் திட்டியிருக்கலாமே.

கொடியைச் சொர்ணத்திடம் கொடுத்தேன். அவன் கையைப் பிடித்தேன். வியர்த்து, மெத்தென்று, சிறியதாக இருந்தது அந்தக் கை. அதைக் கடைசியாக எப்போது பிடித்தேன் என்று எனக்குத் தேதி தெரியவில்லை. தேதி தெரியாத ஒரே காரியம் அதுதான்.

டீக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "சாரே, இது ஆராக்கும்?"

"எனக்க மவன். செல்வின்."

"சாருக்கு மவன் உண்டா? எவ்வளவு வருசமா இஞ்ச சாயா குடிக்கிறீரு, ஒரு வாக்கு சொல்லேல்லியே!"

செல்வின் அவனுக்குக் கைகொடுத்தான். கடைக்குள் இருந்த நால்வருக்கும் கொடுத்தான். நான் அருகில் நின்றேன். அடுத்த கடையிலும் நின்றேன். டெய்சி டீச்சர் திரும்பி வந்தபோது, "விசாரிச்சாச்சு டீச்சர். இது எனக்க மோன்" என்றேன். அவள் செல்வினின் மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அமரவிளைப் பாலத்தை ஒன்பது முப்பத்தைந்துக்கு அடைந்தோம். ஒரு மணி இருபத்தைந்து நிமிடத் தாமதம். "சாருக்க வாச்சு நின்னுபோச்சோ?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் உன் மகன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லை. நீ நடந்த தூரத்தை நான் ஒரு காலையில் நடந்து தீர்த்துவிட முடியாது. நேற்று ஞாயிறன்று எட்டு பத்துக்கு எழுந்து நின்றேன், கால்களுக்குப் பழைய பழக்கம். செல்வின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் பாட்டும் முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தோம். கடைசி பெஞ்சில் உன் இடத்தை அவனே எனக்குத் தட்டிக் காட்டினான். எனக்குக் கால் நடக்கும்வரை, ஞானபாய், அவனுக்கு ஓர் அடிகூட முன்னே போகமாட்டேன்.

உத்தியோகக் காலத்தில் உனக்கு எழுதிய கடிதங்களில்கூட முழுப்பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்திட்டவன் நான். இதில் அவை வேண்டாம்.

இப்படிக்கு,
செல்வினின் அப்பா