தாத்தாவின் புது முழங்கால்

என் மரியாதைக்குரிய உங்களுக்கு, நானும் பேத்தியும் நலம். பொய்க்காலோடு தனியாகப் படி இறங்காமல் இருக்கிறீர்களா?

இன்ஜினியரிங் படிக்கும் அவளுக்குச் சமைத்துப் போட வந்த இடத்தில் ஒரு கூத்து நடந்தது. அவள் ஒரு ஜாடியில் எண்ணெயும் மாவும் கலந்து வைத்திருந்தாள். கெட்டுப்போயிற்று என்று நினைத்து, மாவைக் கொட்டிவிட்டு எண்ணெயை மட்டும் வடித்து வைத்தேன்.

“ஐயோ பாட்டி, அது தாத்தாவோட புது முழங்காலுக்கு! கரண்ட் விட்டா கெட்டியாகும், நிறுத்துனா இளகும். படியில காலு சட்டுனு மடங்காது” என்று தலையில் கைவைத்தாள். பிறகு சிரித்துக்கொண்டே என்னையே மறுபடி கலக்க வைத்தாள். இன்று அந்தக் கலவையை ஊற்றி அவள் செய்த முழங்கால் பாரத்தைத் தாங்கி, மெல்ல மடங்கியது. நம் பேத்தியாக்கும்!

உங்கள் நல்ல காலின் நீளத்தை நூல் பிடித்து அனுப்புங்கள். கூடவே நீங்கள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றையும் துவைக்காமல் அனுப்புங்கள். அது எனக்கு; சிரிக்காதீர்கள். குக்கர் கத்துகிறது.

உங்கள் வீட்டுக்காரி