கல்லின் கடைசி வரி

இன்று மான்மவுத் ஜங்ஷனில் நம்ம ஊர்ச் சாமான் விற்கும் கடையில் ரம்பை இலை வந்திருந்தது. ஃப்ரீசரில் கிடந்து விறைத்த தழைதான். ஒன்றை முடிச்சிட்டுச் சோற்று உலையில் போட்டேன். கொதி வந்ததும் சமையலறை முழுக்க உன் கீழக்கரை வாசம். நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். ஈரோட்டுக்காரிக்கு இந்த வாசத்தைப் பழக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாயே, பாவி.

2006 குளிர்காலத்தில் உனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. இந்த நாட்டு சிட்டிசன்ஷிப் வாங்கிய கையோடு கம்யூனிட்டி காலேஜில் ரோம வரலாறு படிக்கக் கிளம்பினாய். "டேட்டாபேஸ் பாக்கறவளுக்கு ரோம் எதுக்குடி?" என்றேன். பனியில் தனியாகக் காரோட்டப் பயந்து என்னையும் இழுத்துப் போனாய். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றேன்.

ஒரு சனிக்கிழமை திரையில் பழைய கல்லறைக் கல் ஒன்றைக் காட்டினார்கள். சிரியாவின் பாலைவன நகரத்தான் ஒருவன், ரோமப் பேரரசின் வடகோடியில், பிரிட்டனில் குடியேறியவன். அடிமையாக இருந்த அந்நாட்டுப் பெண்ணை விடுவித்துக் கட்டிக்கொண்டான். அவள் இறந்ததும் ரோமர்கள் வைப்பதுபோலவே கல் வைத்து, லத்தீனில் எழுதினான். அடியில் ஒரே ஒரு வரி மட்டும் அவன் தாய்மொழியில், அவள் பெயரைச் சொல்லி 'ஐயோ' என்று.

காரில் திரும்பும்போது கேட்டேன். "அப்ப அவன் ரோமனா, சிரியாக்காரனா?"

"ரெண்டுந்தான். நம்மள மட்டும் ஏன் ஒண்ணச் சொல்லு, ஒண்ணச் சொல்லுன்னு உசுர எடுக்குறாங்க?" என்று பொரிந்தாய். நீ சிட்டிசன் ஆனதிலிருந்து, 'இனி நீ எந்த நாட்டுக்காரி?' என்று ஆபீஸில் ஒரு கேள்வி, ஊரிலிருந்து உன் மாமி போனில் ஒரு கேள்வி. பிறகு குரல் தணிந்தது. "ஊருக்குச் சொல்றத ஊரு பாஷையில சொல்லிட்டான். அழுறத மட்டும் தன் பாஷையில அழுதிருக்கான். எனக்கும் அப்படி ஒரு வரி போட்டுரு, என்ன?"

"அடச்சீ, வாயக் கழுவு! டிரைவ் பண்றப்ப பேசற பேச்சா இது?"

இரண்டே வருஷத்தில் அது நிஜப் பேச்சாகிவிட்டது. உன் கல்லில் ஆங்கிலமும் அரபியும் போதும் என்று உங்கள் வீட்டில் முடிவு செய்தார்கள். நான் உன் வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். பக்கத்தில் இருந்த ஒரு அங்கிள், "தமிழ் எதுக்கும்மா? யார் வந்து படிக்கப் போறாங்க?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "அவ படிப்பா" என்றேன். அண்ணன், அதுதான் உன் வீட்டுக்காரர், எழுந்து உள்ளே போய்விட்டார். கேட்டது கிடைக்காது என்றே நினைத்து வந்தேன்.

மறுநாள் அண்ணனிடமிருந்து போன் வந்தது. "தங்கச்சி, நீயே உன் கையால எழுதித் தா."

"என்ன எழுதட்டும்ணா?"

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப, 'போயிட்டு வாறேன்'னு சொன்னா. நான் ஆபீஸ் கால்ல இருந்தேன். தலைய மட்டும் ஆட்டுனேன். பதில் சொல்லல தங்கச்சி."

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல் வெட்டுகிறவர் என் கையெழுத்தை அப்படியே பிரதி எடுத்துச் செதுக்கினார்: போயிட்டு வா.

போன மாதம் உன் மகளோடு அங்கே போனேன். தமிழ் கேட்டால் அவளுக்குப் புரியும், படிக்க வராது. கடைசி வரியில் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். படித்துக் காட்டினேன். உம்மாதான் வர முடியாதே என்றாள், அதையும் ஆங்கிலத்தில்.

"தெரியும் கண்ணு. நாம யாரையும் வெறும் 'போ'ன்னு அனுப்பறதில்ல."

என்னோடு கார் வரைக்கும் வந்தாள். கதவைத் திறந்தவள் சட்டென்று திரும்பி ஓடி, குனிந்து, கல்லில் கை வைத்தாள்.

"போயிட்டு வாறேன், உம்மா."

உன் இழுவை அப்படியே இருந்ததடி அந்தக் குரலில். அதைக் காதில் வைத்துக்கொண்டுதான் நான் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறேன்.