தலையணைக்குள் இருந்த பாட்டுகள்

மதினி,

இன்று காலை இலவம் பஞ்சுக்காரர் எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து தலையணை அடைத்தார். ஒரு துணுக்குப் பஞ்சு பறந்து வந்து என் மூக்கில் ஒட்டியது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரந்தான் வந்தது, உன் மேல்.

நீ எட்டாப்பு, நான் மூணாப்போடு நின்றவள். கடலை உடைக்கும்போது நீ எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவாய். காலண்டர் தாளின் பின்பக்கம், பென்சில் எழுத்து. எல்லாம் பிள்ளைகளுக்கான பாட்டு.

நரிக்குடி ஆடு பஸ்ஸேறி
நடுச்சீட்டுல உக்காந்துச்சு;
டிக்கெட் எங்கன்னு கேட்டாக்க
தின்னுட்டேனேன்னு சொல்லுச்சு.

இப்படிப் பாட்டு இந்தப் பக்கம் யார் எழுதினார்கள்? நான் சிரித்து, கடலையைத் தோலோடு முறத்தில் போட்டுவிடுவேன்.

திருச்சுழியிலிருந்து விருந்தாளிகள் வந்த அன்று அண்ணன் அந்தத் தாளை எடுத்து எல்லார் முன்னாலும் வாசித்தது. "பெத்துப் போட வக்கில்ல, பிள்ளைப் பாட்டு ஒரு கேடு" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நீ மோர் கொண்டுவந்து வைத்தாய்.

அதற்குப் பிறகு எழுதியதையெல்லாம் தலையணை உறைக்குள் திணித்துத் தைத்தாய். யாரிடமும் சொல்லக்கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். எதற்கு மதினி வாங்கினாய்?

நீ செத்த அன்று, வழக்கப்படி உன் பாயையும் தலையணையையும் சுருட்டிப் பாடைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். நான் ஓடினேன். பொம்பளைகள் முச்சந்தியோடு நிற்க வேண்டும். "சித்தப்பா, அந்தத் தலையணையக் குடுங்க" என்றேன்.

"செத்தவ தலையணை உனக்கெதுக்குடி? புத்தி பெரண்டுபோச்சா?"

உள்ளே பாட்டு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சத்தியத்தைக் காப்பாற்றினேன். உன்னோடு சேர்த்து அதையும் கொளுத்திவிட்டு வந்து குளித்தார்கள். என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உன்னையுந்தான்.

மிச்சம் என் மனசில் இருக்கிற ஏழு பாட்டு. தெருப் பிள்ளைகளுக்கு அத்தனையும் சொல்லிக் கொடுத்துவிட்டேன், உன் பேரோடு. முந்தாநாள் அவர்கள் பாடுவதை அண்ணன் நின்று கேட்டது. பிறகு அடுப்படிக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு ஒருக்கா சொல்லு தாயி" என்றது. தலை நரைத்து, தாடி மழிக்காமல் நின்றது.

சொல்ல மாட்டேன் என்றேன். அது திரும்பிப் போனது. இனிக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.