செம்பிக்கு எத்தனை வயது?

சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்று நேற்று என் பேனர் கடையில் பிரிண்டரை இழுத்தபோது, அதன் பின்னால் ஒரு தாள் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல உரித்தேன். பழைய மை வாடை. உன் இரண்டாம் புத்தகத்துக்கு நான் போட்டுக் கொடுத்த அட்டைப்பட மாதிரி அது. உன் கதாநாயகி செம்பியின் முகத்தின் மேல் நீலப் பேனாவால் நீ கோடு கோடாக இழுத்திருந்தாய். நெற்றியில் மூன்று, கண்ணோரம் நாலைந்து, வாயின் இரு பக்கமும் ஒவ்வொன்று. ஓரத்தில் 'இவளுக்கு இப்போது நாற்பது' என்று எழுதியிருந்தாய். தடுப்பூசி அட்டையில் தேதி போடும் அதே அவசரக் கையெழுத்து. வெள்ளையடிக்கிறவர் வந்து நின்று கேட்கும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு நினைவிருக்குமா, நீ முதலில் என் கடைக்கு வந்தது தாய்ப்பால் முகாமுக்கு பேனர் அடிக்க. வல்லம் பக்கத்துக் கிராமங்களுக்கு நர்ஸ். திண்டிவனத்தில் வீடு. மூன்றாம் முறை வந்தபோது பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாய்.

"கதை ஒண்ணு எழுதிக்கினு இருக்கேங்க. டைப் பண்ணி, அட்டைக்கு ஒரு படமும் போட்டுத் தருவீங்களா?"

"இன்னா கதைக்கா?"

"மந்திரக்காரி கதை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. விவரம் எழுதிக்கொள்ளும்போது பிறந்த வருடம் சொன்னாய். நான் பிறந்த அதே வருடம். நான் உன்னை என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்று நினைத்து, நீ முதலில் வந்த நாளிலிருந்தே அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெயிலில் மொபெட் ஓட்டி ஓட்டி உன் முகம் கருத்துக் காய்ந்திருந்தது. தலை பாதிக்கு மேல் நரை. என் முகம் போன போக்கைப் பார்த்து நீயே சொன்னாய்: "பரவால்ல. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. ஒரே வயசுன்னா இன்னாத்துக்கு அக்கா? நீன்னே சொல்லு."

அன்றிலிருந்து நீதான்.

உன் கதையில் அல்லிக்குன்றம் என்று ஒரு நாடு. அங்கே மந்திரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் உடம்பில் வயது ஏறும். ஒரு குழந்தையின் காய்ச்சலை இறக்கினால் ஒரு வயது. ஊருக்குள் வரும் வெள்ளத்தைத் தடுத்தால் பத்து. முதல் புத்தகத்தில் செம்பிக்குப் பத்தொன்பது. இரண்டாவதில் அவள் பிறந்து இருபத்துமூன்று வருடந்தான் ஆகியிருக்கும், உடம்புக்கு நாற்பது. அவளுக்கு எதிரி பொன்னரையன். அவனும் மந்திரம் செய்வான், ஆனால் ஏறுகிற வயதைத் தன் வேலைக்காரர்கள்மேல் இறக்கிவிடுவான். முந்நூறு வருடமாக அவன் மாப்பிள்ளைபோல இருக்கிறான். அவன் வீட்டில் இருபது வயதுப் பிள்ளைகள் கூன் விழுந்து தண்ணீர் சுமக்கிறார்கள். அவன் முகத்தில் ஒரு கோடும் இல்லாததால், சிரித்தாலும் சிரிப்பு அங்கே தங்காது என்று எழுதியிருந்தாய். டைப் செய்துகொண்டிருந்த நான் அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

இத்தனையும் டைப் செய்துவிட்டுத்தான், இரண்டாம் அட்டையில் செம்பியைப் பதினெட்டு வயதுப் பெண்ணாக வரைந்தேன். அது தொழில் பழக்கம். கல்யாண பேனரோ காதுகுத்து பேனரோ, கடைக்கு வருகிறவர்கள் போட்டோவை நீட்டும்போதே "பத்து வயசு கம்மி பண்ணிடுங்க" என்பார்கள். கம்ப்யூட்டரில் முகத்தைத் தேய்த்து, கழுத்தைத் தேய்த்து, நிறத்தை இரண்டு படி ஏற்றிக் கொடுப்பதுதான் என் சோறு.

நீ அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு என் மேசைமேலிருந்த பேனாவை எடுத்தாய்.

"நரச்ச தலையோட அட்டை போட்டா யாரும் வாங்க மாட்டாங்கடி" என்றேன்.

"வாங்காட்டிப் போவட்டும். அவ பதினேழு ஊர்ல காச்சல் எறக்கிட்டு வந்துருக்கா. நீ ஒரு நிமிஷத்துல அதையெல்லாம் தொடச்சிட்ட."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு நீ தோலோடு அவித்த மல்லாட்டைக் கடலையைக் காகிதத்தில் கட்டிக்கொண்டு வந்தாய், நான் கோடுகளோடு வரைந்து வைத்திருந்தேன். இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசாமல் மல்லாட்டையை உரித்தோம்.

விழுப்புரத்து அச்சகத்துக்கு நாம் சேர்ந்து போன சனிக்கிழமைகள் பிறகு வந்தவை. போனில் கதை படிக்கிற ஆப்பிலும் அத்தியாயம் அத்தியாயமாக ஏற்றினோம். படிக்கிறவர்கள் கூடினார்கள். கூடக்கூட எல்லாருக்கும் ஒரே கேள்விதான். செம்பிக்கு மறுபடி இளமை வருமா? மூன்றாம் புத்தகத்தில் அவள் பல் விழுந்தபோது ஒரு பெண் உன்னைத் திட்டியே எழுதியிருந்தாள். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அதை எனக்குப் படித்துக் காட்டினாய்.

"குடுத்துடேன். ஒரு சுனை, ஒரு மூலிகை, எதுனா வை. உன் கதைதான" என்றேன்.

"எனக்கும் ஆசதான்" என்றாய். "ஆனா வயசு எங்கியும் காணாமப் போவாது. அவகிட்டயிருந்து எடுத்தா, அத யார் தலைல எறக்கறது?"

ரயில் வந்துவிட்டது. ஏறிவிட்டோம். உன் நரைக்கு நீ சாயம்கூடப் போட்டதில்லை, உனக்கா இந்த ஆசை என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

போன ஐப்பசியில், ஒரு முகாம் நாளில், காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாயாம். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குச் சொன்னது உன் மகள்தான், விழுப்புரத்தில் காலேஜ் படிக்கிறவள். அழாமல் கடைக்கு வந்து ஒரு போட்டோவை மேசைமேல் வைத்தாள். உனக்குக் கல்யாணமான புதிதில் எடுத்தது. இரட்டைப் பின்னல், ஒல்லிக் கழுத்து.

"அஞ்சலி பேனருக்கு இதப் போடுங்க ஆன்ட்டி."

"சமீபத்துல எடுத்தது எதுனா..."

"இதான் வேணும்."

பெற்ற பிள்ளை கேட்கிறாள், நான் யார் மறுக்க. போட்டேன். கை வேலையைச் செய்தது, மனசு அங்கே இல்லை. உன் தெருமுனையில் கட்டியபோது அதில் இருந்தவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சாயங்காலம் வல்லம் பக்கத்திலிருந்து ஜனங்கள் வந்தார்கள். டெம்போவில் ஒரு கூட்டம், பஸ்ஸில் ஒரு கூட்டம். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் பேனருக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "நர்சம்மா வூடு எதுங்க?" என்று உன் மகளிடமே கேட்டாள்.

உன் மகள் மேலே கைகாட்டினாள்.

அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள். "இது இல்லீங்க. எங்க நர்சம்மா கொஞ்சம் வயசானவங்க. வெள்ள முடி. என் பொண்ணு பொறக்கும்போது விடியறவரைக்கும் கூட இருந்தாங்க."

உன் மகள் திரும்பி வீட்டுக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்படியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவள், திரும்பாமலே சொன்னாள்.

"பஸ்ட் இயர் சேந்தப்ப அம்மா என்ன உட வந்தாங்க ஆன்ட்டி. கூட இருந்த பொண்ணு, 'உங்க பாட்டியா'ன்னு கேட்டா. நான் ஆமான்னுட்டேன். அம்மா பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தாங்க. அவங்க காதுல உழுந்துச்சு. ஒண்ணுமே கேக்கல. பஸ் ஏறிப் போய்ட்டாங்க. அதான், இன்னிக்காவது எல்லாரும் அவங்க சின்ன வயசுன்னு தெரிஞ்சிக்கட்டும்னு..."

நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

நான்காம் புத்தகத்தில் ஒரு கோட்டை வாசல் வரும். செம்பியும் அவள் வளர்க்கிற முல்லையும் நுழையப் போகிறார்கள். காவலாளி "யார் இந்தக் கிழவி?" என்கிறான். முல்லை வெட்கப்பட்டுக்கொண்டு, "தெரியாது, வழியில் சேர்ந்துகொண்டவர்" என்கிறாள். செம்பி பத்தடி பின்னால் நடந்து வருகிறாள். உள்ளே போனதும் முல்லைக்குத் தலை வாரிவிடுகிறாள். முல்லை அழும்போது, "வாசலில் கேட்டவனுக்குச் சொன்ன பதில் அது. எனக்குச் சொன்னதில்லை" என்கிறாள். அவ்வளவுதான் அந்த அத்தியாயம்.

டைப் செய்யும்போது உன்னிடம் சண்டை பிடித்தேன். "இந்தப் பொண்ண ரெண்டு வார்த்தை கேக்க வேணாவா அவ?" என்றேன். நீ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கேக்க இன்னா இருக்குது? சின்னப் புள்ள, புது எடம். வாய்ல வந்தத சொல்லியிருக்கும்" என்றாய். எந்தப் பிள்ளை என்று எனக்கு அன்று தெரியாது.

உன் மகள் உன் புத்தகங்களைப் படித்ததில்லை என்று எனக்குத் தெரியும். படி என்று நீயும் அவளிடம் சொன்னதில்லை. மறுநாள் நான்காம் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. எடுத்ததும் அழுகை மட்டும் கேட்டது. நான் வைக்காமல் காதிலேயே வைத்திருந்தேன். கடைசியில், "அம்மா எம்மேல கோவப்படவே இல்லியா ஆன்ட்டி?" என்றாள்.

"உங்கம்மாவுக்குக் கோவம் வந்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பா. என்கிட்ட எவ்ளோ சண்ட போட்டிருக்கா தெரியுமா" என்றேன்.

பதினாறாம் நாளுக்கு அவள் வேறு போட்டோ கொண்டுவந்தாள். முகாமில் யாரோ போனில் எடுத்தது. கலைந்த நரைமுடி, கழுத்தில் அடையாள அட்டை, வெயிலுக்குச் சுருக்கிய கண். "எதையும் தேய்க்காதீங்க" என்றாள். இருபது வருடத் தொழிலில் கைவைக்காமல் நான் அச்சுக்கு அனுப்பிய முதல் முகம் உன்னுடையதுதான்.

ஐந்தாம் புத்தகத்தில் நீ பதினோரு அத்தியாயம் எழுதி வைத்திருந்தாய். முடிவு இல்லை. நோட்டில் தேடினோம், குறிப்புகூட இல்லை. செம்பிக்கு இளமை திரும்புமா என்று இப்போது எல்லாவற்றையும் படித்து முடித்த உன் மகள் என்னைக் கேட்கிறாள், வாசகர்கள் அவளைக் கேட்கிறார்கள். நீ பிளாட்பாரத்தில் சொன்னதை அவளிடம் சொன்னேன். யோசித்தாள். பன்னிரண்டாம் அத்தியாயத்தை அவளே எழுத ஆரம்பித்திருக்கிறாள். எழுத்து உன் அளவுக்கு ஓடவில்லை, பிழை நிறைய. திருத்திக்கொண்டிருக்கிறேன். செம்பியின் வயதில் மட்டும் அவள் கைவைக்கவில்லை.

எனக்குப் போன மாதம் ஐம்பது முடிந்தது. உனக்கு நாற்பத்தொன்பதோடு நின்றுவிட்டது. ஒரே வருடம் பிறந்த நாம் இனி ஒரே வயது இல்லை. இப்போது நான்தான் அக்கா. காலையில் கண்ணாடி பார்க்கும்போது, உன்னிடம் நான் பார்த்த கோடுகள் ஒவ்வொன்றாக என் முகத்துக்கும் வந்துகொண்டிருக்கின்றன. கண்ணோரத்தில் வந்துவிட்டது. வாயோரம் இடது பக்கம் மட்டும் தொடங்கியிருக்கிறது. யார் தலையிலும் இறக்கிவிடுகிற உத்தேசம் எனக்கு இல்லை. வருகிறது எல்லாம் வரட்டும், நானே வைத்துக்கொள்கிறேன்.