பன்னிரண்டு நிமிடம் முந்திய போன்

போன் சூடேறுகிறதே என்று அதன் கறுப்பு உறையைக் கழற்றினேன். உள்ளேயிருந்து உங்கள் தைல வாசனை வந்தது. நெற்றியில் தேய்த்த கையோடு போனை எடுக்காதீர்கள் என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். நீங்கள் போய் எட்டு மாதமாகியும் வாசனை போகவில்லை. உறையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, உங்கள் போனைப் பார்த்தபடி இதை எழுதுகிறேன். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்கிறது. மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறதாம், அணைக்கக் கூடாதாம். மூன்று நாளாக நடக்காத காரியம் இப்போதுதான் நடக்கிறது. பாதியில் நின்றுவிடுமோ என்று சார்ஜர் வயரைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் போன் எனக்கு எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் மகள் ஷாலினியின் கையில் ஒட்டியிருக்கும் சென்சர் அவளுடைய ரத்தத்தின் சீனி அளவை அவள் போனுக்கு அனுப்ப, அங்கிருந்து அது உங்கள் போனுக்கு வரும். என் பழைய போனில் அந்தச் செயலி ஏறாது. அதனால் நீங்கள்தான் காவல். பத்து பெரண்டாம் ஊரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலில் நீங்கள் ஓட்டும் கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டு, தொழிலாளிகள் நாங்கள் இறங்க இறங்க எண்ணைப் பார்ப்பீர்கள். எனக்குக் கேட்கும்படி, "ஆறு புள்ளி ரெண்டு! எல்லாம் ஓகே லா, நீ சும்மா பயப்படாத!" என்று கத்துவீர்கள். பஸ்ஸே சிரிக்கும். எனக்கு மானம் போகும். ஆனால் அந்தக் குரலைக் கேட்டால்தான் எனக்கு வேலையில் கை ஓடும்.

இப்போது அந்த எண்ணை நான் பார்க்கிறேன். வேலை நேரத்தில் லாக்கரில் வைக்க வேண்டிய போனை என் வேலை மேசைமேல் வைத்துக்கொள்ள, மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டி அனுமதி வாங்கினேன். அந்த எண் நாலுக்குக் கீழே இறங்கினால் பிள்ளைக்கு உடனே ஏதாவது இனிப்பு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மயங்கிவிடுவாள். உங்களைப் போல் எனக்கு அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்க வரவில்லை. எண் ஐந்தில் இருந்தாலும் பயம், ஒன்பதில் இருந்தாலும் பயம்.

இரண்டு வாரமாகவே அந்தச் செயலி எச்சரித்துக்கொண்டிருந்தது. போனின் மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் இனி வேலை செய்யாது என்றது. நான் தொடவில்லை. "தெரியாதத அமுக்காத. கண்டதையும் அமுக்கித்தான் ஆளுங்க ஏமாறுறாங்க" என்று நீங்கள் சொன்னதுதான் காதில் நின்றது. புதுப்பிக்கிறேன் என்று உங்களையும் சேர்த்து அழித்துவிடுமோ என்ற பயம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போன இடத்தில் போன் சார்ஜ் தீர்ந்து செத்துவிட்டது. வீட்டில் உயிர் வந்தபோது நேரமும் தேதியும் ஏதேதோ காட்டின. நானே உட்கார்ந்து சரிசெய்தேன். உங்கள் வழக்கத்தை மறக்கவில்லை. சுவர்க் கடிகாரம், பஸ் கடிகாரம், இந்தப் போன், மூன்றையும் பன்னிரண்டு நிமிடம் முன்னால் ஓடவிட்டவர் நீங்கள். கேட்டால், "பஸ் லேட்டானா கம்பெனியில ஏசுறாங்க" என்பீர்கள். அந்தப் பன்னிரண்டையும் ஒழுங்காகக் கூட்டி வைத்தேன்.

திங்கட்கிழமை செயலி அடியோடு நின்றது. எண் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும். சரி, வருவது வரட்டும் என்று புதுப்பிக்கும் பொத்தானை அமுக்கினேன். இணைக்க முடியவில்லை, பிறகு முயலவும் என்றது. வைஃபையை மாற்றினேன். சார்ஜ் நூறு ஆகும்வரை காத்திருந்தேன். அணைத்துப் போட்டேன். இடம் இல்லை போலிருக்கிறது என்று நீங்கள் எடுத்து வைத்திருந்த பஸ் டயர் படங்களையெல்லாம் அழித்தேன். டயரை அத்தனை கோணத்தில் படம் பிடித்த மனிதர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். சிரித்துக்கொண்டே அழிக்க ஆரம்பித்து அழுதுகொண்டே முடித்தேன். அப்புறமும் அதே பதில்தான்.

இன்று ஷாலினிக்குப் பள்ளியில் வலைப்பந்துப் பயிற்சி. ஓடியாடினால் சீனி இறங்கும். மூன்று மணிக்கு அவளை அழைத்தேன், எடுக்கவில்லை. மூன்று பத்துக்கும் எடுக்கவில்லை. பள்ளி அலுவலகத்துக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. உங்கள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதே கோடு. சுப்பர்வைசரிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. காரை எடுத்துக்கொண்டு அலோர் காஜாவில் இருக்கும் அவள் பள்ளி வரைக்கும் எப்படி ஓட்டினேன் என்றும் தெரியாது. வழியெல்லாம் உங்களைத் திட்டினேன். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவள் திடல் ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, பாக்கெட் பானத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். போன் பைக்குள் கிடந்திருக்கிறது.

"மா! ஏன் இப்படி ஓடி வர்றீங்க? எல்லாரும் பாக்குறாங்க லா!"

நான் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக, வியர்வையாக இருந்தது. அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

காரில் வரும்போது அவள் உங்கள் போனை எடுத்து நோண்டினாள். "மா, இன்னைக்குப் புதன்தானே? இதுல செவ்வாய்னு இருக்கு." கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தாள். "ஐயோ, போன வருஷம் வச்சிருக்கீங்க! தேதி தப்பா இருந்தா அப்டேட் எப்படி வரும்? ஆட்டோ நேரம் போட்டா போனே சரியான நேரத்த எடுத்துக்கும், எல்லாம் சரியாயிடும்."

நாளும் மாதமும் பார்த்தேன், நிமிடத்தைப் பார்த்தேன், வருடத்தைப் பார்க்கவில்லை. காரை ஓரமாக நிறுத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆட்டோ போடாதம்மா. வருஷத்த மட்டும் மாத்து. அந்தப் பன்னெண்டு நிமிஷம் அப்பா வச்சது."

அவள் போனை மடியில் வைத்தாள். அப்புறம், "அப்பா எதுக்கு வச்சாருன்னு தெரியுமா?" என்றாள்.

"பஸ்ஸுக்கு."

"இல்லமா. நாலாம் ஆண்டு படிக்கிறப்ப நான் ஸ்கூல்ல மயங்கி விழுந்தேன்ல? டீச்சர் போன் பண்ணி பன்னெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் அப்பாவால வர முடிஞ்சிச்சு. அன்னைக்கு பஸ்லயே அழுதாரு. கடிகாரத்த எல்லாம் மாத்துனாரு. அம்மாகிட்ட சொல்லாத, பயந்துடுவாங்கன்னாரு."

அந்த நாள் எனக்குத் தெரியும். என் போன் லாக்கரில் கிடந்தது, தேநீர் நேரத்தில்தான் சேதி வந்தது. நான் மருத்துவமனைக்கு ஓடி வந்தபோது நீங்கள் நர்ஸிடம் ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குக் கொஞ்சமாவது பயமிருக்கிறதா என்று எல்லார் முன்னாலும் உங்களைக் கேட்டேன். நீங்கள் வாயே திறக்கவில்லை. பிறகு உங்கள் நெஞ்சு வலித்தபோதும் இப்படித்தான், "வாயுதான் லா" என்று சொல்லி இரண்டு நாளை ஓட்டினீர்கள்.

எனக்கு உங்கள்மேல் கோபம்தான். ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒரே பிள்ளைக்காக இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். என் பயத்தை ஊருக்கே காட்டினேன். உங்கள் பயத்தைக் கடிகாரத்துக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். சொல்லியிருந்தால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேனே.

வீட்டுக்கு வந்து, நானேதான் ஆட்டோ நேரத்தைப் போட்டேன். ஐந்து நாற்பத்திரண்டு, ஐந்து முப்பதாக மாறியது. பொத்தானை அமுக்கியதும் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது.

இதோ, கோடு முடிந்துவிட்டது. திரை கறுத்துவிட்டது.

இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. ஷாலினியைக் கூப்பிட்டேன். குளித்த ஈரத் தலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வரும்மா, ரீஸ்டார்ட் ஆகுது" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் ஞாபகம் வந்தது.

"எனக்குப் பயமா இருக்குடா" என்றேன். "தினமும் பயமாத்தான் இருக்கு."

அவள் என்னைப் பார்க்காமல் கறுப்புத் திரையையே பார்த்தாள். "எனக்கும்தான்மா," என்றாள். "விளையாடும்போது கூட."

இத்தனை வருடத்தில் அவள் அதைச் சொன்னதே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சென்சர் ஒட்டிய கை. இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். திரை வெளுத்தது, பஸ் முன்னால் நீங்கள் நிற்கும் படம் வந்தது, கொஞ்சம் பொறுத்து எண்ணும் வந்தது. ஆறு புள்ளி நாலு.

கத்திச் சொல்ல நீங்கள் இல்லை. நான்தான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

சுவர்க் கடிகாரத்தில் இன்னும் உங்கள் நேரம்தான் ஓடுகிறது. அதை மாற்றப் போவதில்லை. எதற்காக முந்தி ஓடுகிறது என்று இப்போது இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.