எங்கே நின்று கேட்கிறீர்கள்?

மார்ச் 3

அன்புள்ள வாலு,

உன் அண்ணனும் பிள்ளைகளும் நலம். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. நீ சிபாரிசு செய்து வாங்கித் தந்த வேலைக்கு வெள்ளிக்கிழமை ஆபத்து. கண் மருத்துவமனைக்காக நான் ஜாவா மொழியில் எழுதிய இணையதளத்தைத் தலைமை மருத்துவர் அன்று பார்க்கிறார். பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பாராம்.

முகப்புப் பக்கம் பளிச்சென்று இருக்கிறது. ‘மருத்துவர்கள்’ பக்கத்துக்குள் போனால் நிறமில்லை, அலங்காரமில்லை, தலைமை மருத்துவரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் உடைந்த கட்டம்! அலங்காரத்தைச் சொல்லும் ஸ்டைல் கோப்பும் படமும் வைத்த இடத்தில்தான் இருக்கின்றன. கண்ணெதிரே இருப்பதைக் காணோம் என்கிறது சனியன்.

உன் அண்ணி

மார்ச் 4

அன்புள்ள அண்ணி,

பதறாதீர்கள். எல்லாவற்றையும் எனக்கு அனுப்பிவிடுங்கள், காபி ஆறுவதற்குள் முடித்துத் தருகிறேன். இத்தனை வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வந்த உங்களுக்கு எதற்கு இந்தத் தலைவலி?

வாலு

மார்ச் 4, மாலை

வாலு,

அனுப்ப மாட்டேன். கோபமில்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன். தோற்றால் நானே தோற்றுக்கொள்கிறேன்.

அண்ணி

மார்ச் 7

அன்புள்ள வாலு,

ஜெயித்துவிட்டேன்! புண்ணியம் உன் அண்ணனுக்கு. குழாய் ரிப்பேர்காரர் போனில் வழி கேட்டார். “நேரா வந்து லெஃப்ட்ல திரும்புங்க” என்று சொல்லி வைத்துவிட்டார் இவர். எதிர்ப்பக்கமிருந்து வந்த அந்த மனுஷன் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டார்.

“எங்க நின்னு கேக்கறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று கத்தினேன். கத்திய வாய் அப்படியே நின்றது. நானும் அதைத்தானே செய்திருக்கிறேன்! முகப்பில் நின்றுகொண்டு ஸ்டைல் கோப்புக்கும் படத்துக்கும் வழி எழுதிவிட்டேன். உள்ளே போன பக்கம், தான் நிற்கும் இடத்திலிருந்து தேடி ஏமாந்திருக்கிறது.

‘எங்கே நின்றாலும் வாசலிலிருந்தே தேடு’ என்று வழிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டேன். என் கணினியில் எல்லாம் வந்தது. மருத்துவமனை சர்வரில் மறுபடி மொட்டை. அங்கே எங்கள் தளத்தை ஓட்டும் செயலிக்கு முகவரியில் ஒரு தனிப்பெயர் உண்டு, சாய்கோடு அதை விட்டுவிட்டு சர்வரின் வாசலுக்கே போய் நின்றுவிட்டது. தெரு சரி, வீட்டுப்பெயர் இல்லை. கடைசியில் செயலியிடமே அதன் பெயரைக் கேட்டு வாங்கி, எல்லா வழிகளுக்கும் முன்னால் ஒட்ட வைத்தேன். இனி எந்தச் சர்வருக்குக் குடிபோனாலும் கவலையில்லை.

எல்லாப் பக்கங்களையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, “யார் செஞ்சது?” என்று கேட்டார் தலைமை மருத்துவர். “நான்தான்” என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் வந்தது.

உன் அண்ணி

மார்ச் 10

அன்புள்ள அண்ணி,

ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன், குற்றம் கண்டுபிடிக்கத்தான். ஒன்றும் சிக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர்களை இழுத்து வந்து, “எங்க அண்ணி செஞ்சது” என்று காட்டினேன். பெருமையில் அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

“உங்களுக்கு எதற்கு” என்று எழுதினேனே, நானும் என் அண்ணனுக்குத் தங்கைதான். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்காமலே வழி சொல்லிவிட்டேன்.

எங்கள் குழுவில் ஓர் இடம் காலியாகிறது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். விண்ணப்பம் போடுங்கள். இந்த முறை நான் சிபாரிசு செய்யப்போவதில்லை.

உங்களுக்கு அது தேவையில்லை.

உங்கள் வாலு